பதாயிஹ்: வற்றியதும் மீண்டதும்

இராக்கின் தென்பகுதியில், திஜ்லாவும் (டைகிரீஸ்) புராத்தும் (யூப்ரடீஸ்) பரந்து தேங்குமிடத்தில் நாணற்காடு செறிந்த பெருஞ்சதுப்பு நிலம் ஒன்றுண்டு. பண்டை அரபு நூல்கள் அதனை ‘அல் பதாயிஹ்’ என்றன. இன்று ‘அஹ்வார்’ என்பர். அந்நிலத்தின் ஆக்கத்திலும் அழிவிலும் போருக்குப் பங்குண்டு.

ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் பலாதுரீ தம் ‘புதூஹுல் புல்தான்’ என்னும் நூலில் அதன் தோற்றத்தை விவரிக்கிறார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருமடல் கிஸ்ராவுக்குச் சென்ற ஆண்டில் பெருவெள்ளம் கரைகளை உடைத்தது. மன்னர் பர்வேஸ் பொருளைக் கொட்டியும், அணை வேலையாட்களைக் கொன்றும் அவற்றை அடைக்க இயலவில்லை. பின்னர்ப் பாரசீகர் போரில் மூழ்கவே, உடைப்புகள் கவனிப்பாரற்றுப் பெருகின. சதுப்பு நிலம் விரிந்தது.

அன்று போர் கரைகளைக் காக்கவிடாமல் நீரைப் பரப்பிற்று. நம் காலத்திலோ போரே கரைகளை எழுப்பி நீரைத் தடுத்தது. 1991இல் வளைகுடாப் போருக்குப் பின் தெற்கே எழுந்த கிளர்ச்சி நசுக்கப்பட்டதும், கிளர்ச்சியாளர் நாணலுக்குள் ஒளிந்தனர். அரசு அவர்களைத் தேடுவதோடு நில்லாமல், நீரையே திருப்பிவிட்டது. புராத்தின் நீரைக் கொண்டு சென்ற கால்வாய் ஒன்றுக்கு ‘போர்களின் தாய்’ என்று பெயரிட்டமையே அதன் நோக்கத்தை உரைக்கும். பத்தாண்டுகளுக்குள் நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு வற்றியது. நாணல் வீடும் எருமையும் மீனுமே வாழ்வாகக் கொண்ட மக்கள் நகரங்களுக்கும் ஈரானுக்கும் சிதறினர்.

2003இல் ஆட்சி வீழ்ந்ததும், அம்மக்கள் எவர் ஆணைக்கும் காத்திராமல் கரைகளைத் தாமே வெட்டினர். நீர் வந்தது; நாணல் துளிர்த்தது; பறவைகள் மீண்டன. சில ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதி நிலம் நனைந்தது. ஆனால் எங்கும் பயன் ஒன்றாக இல்லை. நீர் ஓடிக் கடந்த இடங்களில் உப்புக் கழுவப்பட்டுப் பசுமை செழித்தது; தேங்கி ஆவியான இடங்களிலோ உப்பே மிஞ்சியது. நிலம் உயிர்பெற, நீர் வந்தால் மட்டும் போதாது; அது ஓடவும் வேண்டும்.

2013இல் ஒரு பகுதி தேசியப் பூங்காவாயிற்று. 2016இல் யுனெஸ்கோ அஹ்வாரை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. எனினும் 2021ஐ அடுத்த ஆண்டுகளின் வறட்சியில் நீர் குன்றி, எருமைகள் மடிந்தன. குடும்பங்கள் மீண்டும் வெளியேறின. மழை பொய்த்ததோடு, மேல்நாடுகளின் அணைகளும் ஆற்றின் வரத்தைக் குறைத்துவிட்டன.

பகைமையால் எழுந்த கரையை மண்வெட்டியால் உடைத்தார்கள் அம்மக்கள். அயல்நாட்டு அணையை அவர்கள் என் செய்வர்? அதனை மண்வெட்டி திறக்காது. அண்டை நாடுகளின் நீதியுணர்வே திறக்க வேண்டும்.