தால்ச்சர் முதல் தளம் வரை: ஒரு சாம்பலின் பயணம்

ஒடிசாவின் தால்ச்சர் சுரங்கத்தில் வெட்டியெடுக்கும்போது அது இன்னும் சாம்பல் ஆகவில்லை. நிலக்கரிக்குள் புதைந்திருக்கும் களிமண், மணல். 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் சதுப்புக் காடுகள் மக்கியபோது வெள்ளம் அடித்துவந்த வண்டல் அது. அதனால்தான் நம் நாட்டுக் கரியில் நூற்றுக்கு முப்பது, நாற்பது பங்கு எரியாமல் மிஞ்சுகிறது.

பாரதீப்பில் கப்பலேறி எண்ணூரில் இறங்கும் கரி, வடசென்னை அனல்மின் நிலையக் கொதிகலனுக்குள் பொடியாக ஊதப்படுகிறது. கரி எரிந்துவிட, மண் உருகிப் புகையோடு மேலெழுகிறது. சட்டென ஆறும்போது அந்தத் துளிகள் நுண்ணிய கண்ணாடி உருண்டைகளாகின்றன. மின்னேற்றிய தகடுகள் அவற்றைப் பிடித்துக்கொள்கின்றன. விரலிடையில் தேய்த்தால் முகப்பவுடர் போல வழுக்கும்.

இங்கே பாதை பிரிகிறது. ஒன்று, தண்ணீரில் கலந்து குழாய் வழியே சாம்பல் குளத்துக்குப் போவது. குழாய் கசிந்து கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிவதைப் பற்றி எண்ணூர் மீனவர்கள் பல்லாண்டுகளாக முறையிட்டுவருகிறார்கள். மற்றொன்று, உலர்ந்தபடியே பல்கர் எனும் மூடிய தொட்டி லாரியில் சிமென்ட் ஆலைக்குப் போவது.

ஆலையில் சுண்ணாம்புக்கல்லை 1,450 டிகிரியில் சுட்டு, சிமென்டின் மூலப்பொருளான கிளிங்கர் ஆக்குகிறார்கள். சுடும்போது கல்லிலுள்ள கால்சியம் கார்பனேட் தன் எடையில் 44 சதவீதத்தைக் கரியமில வாயுவாக இழக்கிறது. எரிபொருளை மாற்றினாலும் கல்லின் வாயு நிற்காது. கிளிங்கரைக் குறைப்பதுதான் கைக்கெட்டும் வழி. பி.பி.சி. எனப்படும் போர்ட்லேண்ட் பொசோலனா சிமென்டில் 35 சதவீதம் வரை சாம்பல் சேர்க்க இந்தியத் தரவிதி இடம் தருகிறது. அந்த அளவுக்குக் கல் சூளைக்குப் போகாமல் தப்புகிறது.

வீட்டின் கான்கிரீட் தளத்தில் இந்தச் சிமென்ட் நீரைக் குடித்து இறுகும்போது சுண்ணாம்பு கசியும். சாம்பல் அதைப் பற்றிக்கொண்டு பசையாகி, நுண்துளைகளை அடைக்கும். இந்த வேலை மெதுவாகவே நடக்கும். குறைந்தது 10 நாளாவது தளம் ஈரம் காயாமல் இருக்க வேண்டும். அவசரப்பட்டுத் தண்ணீர் விடுவதை நிறுத்தினால் சாம்பலின் பலன் வீண்.

எரித்து மிஞ்சியதை ஆற்றோரம் கொட்டாமல் கட்டடத்தில் சேர்ப்பது நம் கடமை. ஆனால், கரி எரிப்பதை நியாயப்படுத்தச் சாம்பலைச் சாட்சிக்கு அழைக்கக் கூடாது. சாம்பலும் ஒரு காலத்தில் களிமண்தானே! அந்தக் களிமண்ணையே நேரடியாக 800 டிகிரி அளவில் சுட்டு, சுடாத சுண்ணாம்புக்கல் பொடியோடு கலந்தால் கிளிங்கரைப் பாதியாகக் குறைக்கலாம். இந்த வகை சிமென்டுக்கு 2023இல் இந்தியத் தரவிதியும் வந்துவிட்டது. வீடு கட்டுவோர் அதைக் கேட்டு வாங்கத் தொடங்க வேண்டும்.