'நெசசிட்டேட்': ஓர் ஆங்கில வினைச்சொல் மனிதரை விட்டு நகர்ந்த வரலாறு

ஆங்கிலத்தின் 'நெசசிட்டேட்' என்ற வினைச்சொல்லுக்கு இன்றைய அகராதிகள் தரும் பொருள், ஒன்றைத் தவிர்க்க முடியாததாக்குதல். 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலோ அதன் செயப்படுபொருளாகப் பல இடங்களில் மனிதரே நின்றார். ஒருவரை வேறு வழியின்றிச் செய்யவைப்பதை அது குறித்தது. அந்த இடத்திலிருந்து மனிதர் விலகிய கதையை இக்கட்டுரை பின்தொடர்கிறது.

சொல்லின் மூலம் இடைக்கால லத்தீன். விண்மீன்கள் மனித மனத்தைச் சாய்க்குமே தவிரக் கட்டாயப்படுத்தா என்று வாதிட்டவர்கள் இவ்வினையின் லத்தீன் வடிவத்தையே கையாண்டனர். காரணங்கள் மனத்தைச் சாய்க்கின்றன, கட்டாயப்படுத்துவதில்லை என்று தத்துவஞானி லைப்னிட்ஸும் இதே வேறுபாட்டை வற்புறுத்தினார்.

ஆங்கிலத்தில் இச்சொல் கூர்மை பெற்ற களம் ஹாப்ஸ்–பிராம்ஹால் விவாதம். இங்கிலாந்தின் அரசியல் கொந்தளிப்பால் பாரிஸில் தஞ்சமடைந்திருந்த தத்துவஞானி தாமஸ் ஹாப்ஸும் டெரி ஆயர் ஜான் பிராம்ஹாலும் 1645இல், நியூகாசில் பிரபுவின் முன்னிலையில், மனித விருப்பம் சுதந்திரமானதா என்று மோதினர். ஹாப்ஸின் எழுத்துவடிவ விடை அவருடைய அனுமதியின்றி 1654இல் அச்சேறியது. பிராம்ஹால் 1655இல் மறுத்தார். ஹாப்ஸ் 1656இல் திரும்பவும் விடை சொன்னார். எல்லாச் செயலும் முற்காரணங்களால் கட்டாயமாகிறது, ஆயினும் புறத்தடை இல்லாதவரை அது சுதந்திரமே என்பது ஹாப்ஸின் நிலை. கப்பல் மூழ்கிவிடும் என்று அஞ்சிச் சரக்கைக் கடலில் எறிபவன் தன் விருப்பத்தோடுதான் எறிகிறான் என்று 1651இல் வெளிவந்த 'லெவியத்தான்' நூலிலும் அவர் எழுதியிருந்தார். எல்லாம் கட்டாயம் என்றால் சட்டமும் அறிவுரையும் புகழும் பழியும் எதற்கு என்று பிராம்ஹால் கேட்டார். என் பார்வையில் பிராம்ஹாலின் கேள்விக்கு இன்னும் வலுவுண்டு.

இதே காலத்தில் இலக்கணமும் அசைந்துகொண்டிருந்தது. கவிஞர் மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' காவியம் 1667இல் வந்தது. ஆதாமின் வீழ்ச்சியைத் தம் ஆணை எதுவும் கட்டாயமாக்கவில்லை என்று அதில் கடவுள் சொல்கிறார். அங்கே செயப்படுபொருள் ஆதாம் அல்ல, வீழ்ச்சி. இரு வழக்குகளும் நெடுநாள் அருகருகே வாழ்ந்தன. 1755இல் வந்த ஜான்சனின் அகராதி, அவசியமாக்குதலோடு, தெரிவுக்கு இடம் விடாதிருத்தல் என்ற பொருளையும் சேர்த்தே பதிவுசெய்கிறது.

பின்னர் முதல் வழக்கு அருகியது. 'நான் இதைச் செய்யக் கட்டாயத்துக்கு உள்ளானேன்' என்பதற்கு இவ்வினையைச் செயப்பாட்டில் எழுதும் பழக்கம் இன்றைய ஆங்கிலத்தில் அரிது. அவ்வேலையை 'ஃபோர்ஸ்', 'ஒப்லைஜ்' போன்ற வினைகள் செய்கின்றன. இப்போது எழுவாயாகப் பெரும்பாலும் சூழ்நிலையும், செயப்படுபொருளாகப் பெயர்ச்சொல்லோ 'இங்' ஈற்றுத் தொழிற்பெயரோ வருகின்றன. 'வெள்ளம் பாலத்தை மூடுவதை அவசியமாக்கியது' என்பது இதன் வார்ப்பு. மூடியவர் யார் என்பதைச் சொல்ல இத்தொடர் இடம் கேட்பதில்லை.

வெள்ளத்தைப் பொறுத்தவரை இதில் குறையில்லை. வருவாய்க் குறைவு ஆட்குறைப்பை அவசியமாக்கியது என்று ஒரு நிர்வாக அறிக்கை எழுதும்போதுதான் இழப்பு தெரிகிறது. பழைய வழக்கில் எழுதினால், நிர்வாகம் ஆட்களைக் குறைக்கக் கட்டாயத்துக்கு உள்ளானது என்று வரும். அப்போது கட்டாயத்துக்கு உள்ளானவர் யார் என்பது தொடரிலேயே நிற்கும். உண்மையிலேயே வேறு வழி இல்லையா என்று அவரைக் கேட்கவும் முடியும்.