சாங்கிச் சிறையில் தைத்த போர்வைகள்

பழைய சேலைகளை அடுக்கித் தைத்து, பிள்ளைக்குப் படுக்கையாக விரிப்பது நம் பாட்டிமார் வழக்கம். வங்காளத்துப் பெண்கள் இதையே அழகிய கைவேலையாக வளர்த்து 'காந்தா' என்று அழைத்தனர். மேல்நாட்டில் இதற்குப் பெயர் 'குயில்ட்'. மேலே ஒரு துணி, அடியில் ஒரு துணி, நடுவே பஞ்சு வைத்து, மூன்றையும் தையலால் இணைப்பார்கள்.

இதில் பல வகைகள் உண்டு. சதுரத் துண்டுகளை ஒட்டித் தைப்பது ஒரு வகை. அறுகோணத் துண்டுகளைப் பூப்போலச் சேர்ப்பது இன்னொரு வகை. இதற்குப் 'பாட்டியின் பூந்தோட்டம்' என்று பெயர். மூன்றாவது வகை, கையெழுத்துப் போர்வை. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் ஊரைவிட்டுப் போகும் தோழிக்கு, ஆளுக்கொரு துண்டில் பெயர் எழுதிச் சேர்த்துத் தைத்துக் கொடுப்பார்கள். இந்த மூன்றாவது வகைதான் சிங்கப்பூரில், கடிதம் செல்ல முடியாத இடத்துக்குச் செய்தி கொண்டு சென்றது.

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. மார்ச் மாதத்தில், சுமார் 400 ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளும் காத்தோங்கிலிருந்து சாங்கிச் சிறைக்கு வெயிலில் நடத்திச் செல்லப்பட்டனர். சுமார் 600 கைதிகளுக்கென 1936இல் கட்டி முடிக்கப்பட்ட சிறை அது. அதில் ஆண்களும் பெண்களுமாக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டனர். ஆண்கள் ஒரு பகுதியில், பெண்கள் வேறு பகுதியில். சிப்பாய்களாக இருந்த கணவன்மாரோ சாங்கி ராணுவ முகாமில். இருக்கிறாரா, இறந்தாரா என்று ஒருவருக்கொருவர் தெரியாத நிலை.

அப்போது பெண்கள் முகாமில் செஞ்சிலுவைச் சங்கப் பிரதிநிதியாக இருந்தவர் எத்தல் மல்வனி. கனடா நாட்டவர். காயமடைந்த வீரர்களுக்குப் போர்வை தைத்து அனுப்பலாம் என்ற யோசனையை அவர் முன்வைத்தார். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு சிறு சதுரத் துணி. அதில் தன்னைப் பற்றிய ஏதாவது ஒன்றைத் தைத்து, தன் பெயரையும் தைக்க வேண்டும். கந்தல் துணி, பழைய படுக்கை விரிப்பு, உடைகளிலிருந்து பிரித்தெடுத்த நூல், கிடைத்ததெல்லாம் பயன்பட்டது.

மூன்று போர்வைகள் உருவாயின. ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள். ஒன்று பிரிட்டிஷ் வீரர்களுக்கு, ஒன்று ஆஸ்திரேலிய வீரர்களுக்கு. மூன்றாவது யாருக்குத் தெரியுமா? காயமடைந்த ஜப்பானிய வீரர்களுக்கு! சிறை அதிகாரிகள் மற்ற இரண்டையும் வெளியே விட வேண்டும் என்ற தந்திரமும் அதில் இருந்திருக்கலாம். ஜப்பானியப் போர்வையில் பூக்களே அதிகம். மற்ற இரண்டிலும் வீட்டு நினைவு, கேலி, ஏக்கம் எல்லாம் கலந்திருந்தன. சிறைக்கூடத்தைப் படமாகத் தைத்தவர்களும் உண்டு. மலாயாத் தாய்க்கும் ஆஸ்திரேலியத் தந்தைக்கும் பிறந்த ஷீலா ஆலன், தான் அதுவரை பார்த்திராத தந்தை நாட்டின் வரைபடத்தைத் தைத்தார். அப்போது அவருக்கு 17 வயது.

ராணுவ மருத்துவமனைக்குப் போர்வை போய்ச் சேர்ந்தபோது, படம் எப்படியிருந்தாலும் பெயர்தான் பெரிதாகத் தெரிந்தது. மனைவியின் பெயர் இருந்தால் அவள் உயிரோடிருக்கிறாள் என்று பொருள். தணிக்கை அதிகாரியின் கண்ணுக்கு அது வெறும் தையல் வேலை.

அதே சிறையில் சுமார் 20 சிறுமிகள், 8 முதல் 16 வயதுள்ளவர்கள், தங்கள் சாரணியர் தலைவி எலிசபெத் எனிஸுக்குப் பிறந்தநாள் பரிசாக இரகசியமாக ஒரு போர்வை தைத்தார்கள். அறுகோணத் துண்டுகளாலான பூந்தோட்ட வகை அது. இன்று அது இலண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் உள்ளது. பிரிட்டிஷ் போர்வை பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடமும், மற்ற இரண்டும் கான்பராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திலும் பாதுகாக்கப்படுகின்றன.

பெயரின் அருமை நம்மவருக்கும் தெரியாததல்ல. அதே ஆட்சிக் காலத்தில் சயாம் ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர். அவர்களில் மாண்டவர் பெரும்பாலோரின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை, எந்தத் துணியிலும் இல்லை. குடும்பங்கள் காத்திருந்து காத்திருந்து ஓய்ந்தன. வீட்டுப் பெரியவர்கள் சொல்லி வைத்த பெயர்களை எழுதி வைக்கும் கடமை இன்று பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் உரியது.

ஆஸ்திரேலியப் போர்வையின் பின்புறம் சாங்கிப் பெண்கள் ஒரு குறிப்புத் தைத்திருக்கிறார்கள். போர் முடிந்ததும் இதைச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். கூடவே, இதைத் தண்ணீரில் போடாமல் உலர்சலவை செய்வது நல்லது என்றும் சொல்லியிருக்கிறார்கள். அரை வயிற்றுக் கஞ்சியோடு சிறையில் இருந்தவர்கள், அந்தப் பெயர்கள் சாயம் போகாமல் இருக்க வேண்டுமே என்று கவலைப்பட்டிருக்கிறார்கள்.