மறதியின் சொற்களும் மனிதர் மீதான தீர்ப்பும்

ஒருவரின் நிலையைக் குறிக்க நாம் கையாளும் சொல், பல வேளைகளில் அவரைப் பற்றி நாம் வழங்கும் தீர்ப்பாகவும் அமைந்துவிடுகிறது. நினைவு தளர்ந்த முதியோர் விஷயத்தில் இது மிகவும் பொருந்தும். 1995இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்த பெரம்பலூர் மாவட்டத்திலும், 2007இல் மீண்டும் தனி மாவட்டமான அரியலூரிலும் நம் மக்கள் பேசுவதைக் கேட்டால் இது விளங்கும். லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களில், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கும் பெரியவரைப் பற்றி "அத்தாவுக்கு மறதி" என்பார் ஒருவர். "புத்தி தடுமாறிவிட்டது" என்பார் மற்றொருவர். "பைத்தியம் பிடித்துவிட்டது" என்று முடித்துவிடுவார் மூன்றாமவர். தொழுகையைத் தவறவிட்டால் "இந்த வயதிலும் இவ்வளவு கஃப்லத்தா?" என்ற கேள்வியும் எழும்.

இந்நான்கும் ஒரே நிலையைக் குறிப்பன அல்ல. ஒன்று மன்னிக்கப்படுவது, ஒன்று கடமையையே நீக்குவது, ஒன்று கண்டிக்கப்படுவது. இவற்றைப் பிரித்தறிய நம் முன்னோர் எவ்வளவு நுணுக்கமாகச் சொற்களை வகுத்திருந்தனர் என்பதையும், அவ்வேறுபாட்டை இழந்ததால் நாம் இழைக்கும் அநீதி யாது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

தமிழ் வகுத்த வேறுபாடு

தமிழ் அகராதிக் கலையின் வரலாறு அரியலூர் மண்ணோடு தொடர்புடையது. கொள்ளிடத்துக்கு வடக்கேயுள்ள ஏலாக்குறிச்சியில் தங்கிப் பணியாற்றிய இத்தாலியப் பாதிரியார் வீரமாமுனிவர், 1732இல் 'சதுரகராதி'யைத் தொகுத்தார். பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளைக் கொண்டது அது. ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைப் பெயரகராதியும், ஒரு பொருளுக்குரிய பல சொற்களைப் பொருளகராதியும் தருகின்றன. ஒரு பொருளுக்குப் பல சொற்கள் இருப்பது மொழியின் வளம். ஆனால் அச்சொற்களிடையே உள்ள நுண்ணிய எல்லைகளைப் பேணுவது மொழியைப் பேசுவோரின் பொறுப்பாகும்.

தமிழில் அவ்வெல்லைகள் தெளிவாகவே இருந்தன. மறதி, மறவி என்பன பொதுச்சொற்கள். பொச்சாப்பு என்பது மகிழ்ச்சியின் மிகுதியில் கடமையை மறந்திருத்தல். திருவள்ளுவர் அதனைக் கடிந்து பொச்சாவாமை என்ற 54ஆம் அதிகாரத்தைப் பொருட்பாலில் வைத்தார். பொருளல்லாதவற்றைப் பொருளென்று கொள்ளும் மருளைப் பற்றி அறத்துப்பாலில், மெய்யுணர்தல் என்ற 36ஆம் அதிகாரத்தில் பேசினார். சங்கப் பாடல்களில் வரும் மம்மர் என்பது உள்ளத்தின் கலக்கம். அளவை நூலோர் காட்சிப் பிழைகளையும் பிரித்தனர்: கயிறோ பாம்போ என்று துணிவின்றி அலைவது ஐயம், கயிற்றைப் பாம்பென்றே துணிவது திரிபு.

இத்தனை சொற்கள் இருக்க, இன்றைய பேச்சு வழக்கில் மேலோங்கி நிற்பது 'பைத்தியம்' என்ற ஒரு சொல்லே. பித்தம் என்பதன் வழிவந்த வடசொல் அது. பித்தம் மிகுந்ததால் வந்த கேடு என்ற மருத்துவக் கருத்தில் தோன்றி, இன்று வெறும் வசையாகத் தேய்ந்துவிட்டது.

திருக்குர்ஆனின் மூன்று சொற்குடும்பங்கள்

திருக்குர்ஆனில் இப்பொருள் பற்றிய சொற்களை மூன்று குடும்பங்களாகப் பகுக்கலாம்.

முதலாவது நிஸ்யான், மறத்தல். ஆதிபிதா ஆதம் (அலை) அவர்கள் மறந்தார்கள் (20:115). மூஸா (அலை) அவர்களுடன் சென்ற இளைஞர் மீனை மறந்தார் (18:63). மறந்தோ தவறியோ செய்தவற்றுக்காகத் தண்டிக்க வேண்டாம் எனக் கேட்கும் பிரார்த்தனையும் நமக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது (2:286). 'இன்ஸான்' என்ற சொல்லே நிஸ்யானிலிருந்து வந்தது என்று கூஃபா இலக்கண அறிஞர்கள் கூறினர். நேசத்தைக் குறிக்கும் 'உன்ஸ்' என்பதிலிருந்து வந்தது என்பது பஸ்ராவினரின் கருத்து. எவ்வாறாயினும், மறதி மனித இயல்பு என்பதில் கருத்து வேறுபாடில்லை.

இரண்டாவது, முதுமையில் அறிவு தளர்தல். அறிந்திருந்த பின் ஏதும் அறியாத நிலைக்குச் சிலர் திருப்பப்படுவதை 'அர்தலுல் உமுர்' என இறைமறை குறிக்கிறது (16:70, 22:5). வாழ்வின் மிகத் தளர்ந்த கட்டம் என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். இங்கே அம்மனிதர் பழிக்கப்படவில்லை. படைத்தவனின் ஆற்றலுக்குரிய சான்றாகவே அந்நிலை எடுத்துரைக்கப்படுகிறது.

மூன்றாவது, திரையிடப்படுதல். கண்கள் மீதுள்ள கிஷாவா என்னும் திரை (2:7), உள்ளத்தில் துருவாகப் படியும் ரான் (83:14), கஃப்லத் என்னும் பராமுகமும், மறுமையில் விலக்கப்படும் கிதா என்னும் மூடியும் (50:22) இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. இவை நோய்களைக் குறிக்கவில்லை. அறியும் ஆற்றல் இருந்தும் அறிய மறுப்பவரின் நிலை இது. ஆகவேதான் கண்டிக்கப்படுகிறது.

நினைவிழந்த முதியவரைக் 'காஃபில்' என்பது, இரண்டாம் குடும்பத்தைச் சேர்ந்தவரை மூன்றாவதில் தள்ளுவதாகும்.

இவ்வகையில் சூரா யூஸுஃபின் ஒரு சொல் ஆழ்ந்து நோக்கத்தக்கது. துயரத்தால் கண்கள் வெளுத்துப் பார்வை இழந்திருந்த யஃகூப் (அலை) அவர்கள், யூஸுஃபின் மணத்தைத் தாம் உணர்வதாகக் கூறினார்கள். கூறும்போதே, தமக்கு மூப்பினால் அறிவு மழுங்கிவிட்டதென்று பிறர் எண்ணக்கூடும் என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள் (12:94). அங்கு வரும் வினை 'ஃபனத்' என்பதன் அடியாகப் பிறந்தது. முதுமையால் வரும் அறிவுத் தளர்ச்சி என்பது அதன் பொருள். அவர்கள் அஞ்சியவாறே சுற்றியிருந்தோர், பழைய தவறான எண்ணத்திலேயே இருக்கிறீர்கள் என்றனர். பின்னர் நற்செய்தியாளர் சட்டையுடன் வந்தபோது, கண்ணொளி இழந்திருந்த முதியவரின் உணர்வே சரியென்று தெரிந்தது. முதியோர் சொல்வதெல்லாம் சரி என்பது இதன் கருத்தன்று. கேட்டு முடிக்கும் முன்னரே முத்திரை குத்திவிடுவது தவறு என்பதே இதன் பாடம்.

சட்ட அறிஞர்களின் நுணுக்கம்

மறதியை மறைக்க வேண்டிய இழுக்காக இஸ்லாமிய மரபு கருதவில்லை. நபி (ஸல்) அவர்கள் நான்கு ரக்அத் தொழுகையை இரண்டிலேயே முடித்துவிட்டபோது, துல்யதைன் (ரலி) என்ற தோழர் தொழுகை சுருக்கப்பட்டதா, அல்லது மறந்தீர்களா எனத் துணிந்து கேட்டார். தோழர்கள் உறுதிசெய்ததும், எஞ்சியதை நிறைவேற்றி நபியவர்கள் ஸஜ்தாச் செய்தார்கள். ஸஜ்தா ஸஹ்வுச் சட்டத்துக்கு ஆதாரமான நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று.

ஸஹ்வு, நிஸ்யான் ஆகிய இரண்டையும் அறிஞர்கள் வேறுபடுத்தினர். அறியும் சக்தியிலிருந்து ஒரு செய்தி நழுவி, சேமிக்கும் சக்தியில் இன்னும் எஞ்சியிருந்தால் அது ஸஹ்வு; சிறிது நினைவூட்டினால் மீளும். இரண்டிலிருந்துமே அகன்றுவிட்டால் அது நிஸ்யான். புதிதாகவே கற்க வேண்டும். குறிப்புக் கொடுத்தால் நினைவு வருகிறதா என்று இன்றைய மருத்துவர் சோதித்துப் பார்ப்பதும் இவ்வேறுபாட்டையொட்டியதே.

அமேதியைச் சேர்ந்த முல்லா ஜீவன் (ரஹ்) (மறைவு 1718) எழுதிய 'நூருல் அன்வார்', அரபுக் கல்லூரி மாணவர்கள் நன்கறிந்த நூல். இமாம் நஸஃபியின் 'மனார்' நூலுக்கான விரிவுரை அது. மனிதனின் தகுதியைப் பாதிக்கும் தடைகள் அதில் இருவகைப்படுத்தப்பட்டுள்ளன: மனிதன் விருப்பத்துக்கு அப்பாற்பட்டவை 11, அவன் செயலால் வருபவை 7. குழந்தைப் பருவம், ஜுனூன் (பித்து), அதஹ் (அறிவுக் கலக்கம்), நிஸ்யான், உறக்கம், இக்மா (மூர்ச்சை) ஆகியவை முதல் வகையில் தனித்தனியே இடம்பெறுகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம் உண்டு.

இவற்றுள் நம் பொருளுக்கு மிக நெருங்கியது அதஹ். பேச்சில் ஒரு பகுதி தெளிந்தவர் பேச்சைப் போலவும், மறுபகுதி பித்தர் பேச்சைப் போலவும் அமையும் நிலை என்று அதனை வரையறுத்தனர். நினைவு தளர்ந்த முதியவர் ஒருவரோடு அரைமணி நேரம் அமர்ந்தவர் இவ்வரையறையின் உண்மையை உணர்வார். அத்தகையவரை, விவரமறிந்த சிறுவனின் நிலையில் ஹனஃபி அறிஞர்கள் வைத்தனர். அன்பளிப்பைப் பெறுவது போன்ற முழு நன்மை தரும் செயல் செல்லும். தம் சொத்தைப் பிறருக்குக் கொடுப்பது போன்ற இழப்புத் தரும் செயல் செல்லாது. விற்றல், வாங்கல் போன்றவை பொறுப்பாளரின் இசைவைப் பொறுத்தவை. 'நல்ல நினைவோடுதான் இருந்தார்' என்று சொல்லி முதியவரிடம் கைரேகை வாங்கும் உறவினர், இந்தச் சட்டத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஹதீஸ் துறையும் 'இக்திலாத்'தும்

நினைவுத் தளர்ச்சியின் சொல் வரலாற்றில் ஹதீஸ் கலை அறிஞர்களின் பங்கு தனிச்சிறப்புடையது. நம்பகமான அறிவிப்பாளர் ஒருவர் முதுமையில் குழம்பினால் அவர் அறிவித்தவற்றை என்ன செய்வது? இதற்கு அவர்கள் 'இக்திலாத்' (கலந்துபோதல்) என்ற சொல்லை ஆண்டனர். 'இறுதியில் மாறிவிட்டார்', 'முதுமையால் தளர்ந்தார்', 'பிறர் எடுத்துக் கொடுத்ததை ஏற்றுக்கொண்டார்' என்ற தனித்தனிக் குறிப்புகளும் உண்டு. இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) (ஹிஜ்ரி 643/1245) தமது முகத்திமாவில் 62ஆம் வகையை இதற்கென்றே ஒதுக்கினார். ஹலப் நகரின் ஸிப்த் இப்னுல் அஜமி (ரஹ்) (ஹிஜ்ரி 841/1438) இத்தகையோர் பெயர்களைத் தனி நூலாகவே தொகுத்தார்.

அவர்கள் கண்ட தீர்வு நீதியானது. குழப்பத்துக்கு முன் கேட்டவை ஏற்கப்படும். பின் கேட்டவையும், எப்போது கேட்டவை எனத் தெரியாதவையும் ஏற்கப்படா. கூஃபாவின் அதா இப்னு ஸாயிபிடம் ஸுஃப்யான் ஸவ்ரீ, ஷுஃபா ஆகிய இமாம்கள் முற்காலத்திலேயே கேட்டிருந்ததால் அவர்கள் வழி வந்தவை ஏற்கப்பட்டன. ஷுஃபா பிற்காலத்தில் கேட்ட இரண்டு ஹதீஸ்கள் மட்டும் விலக்கப்பட்டன. முதுமையின் தளர்ச்சி ஒருவரின் முந்தைய வாழ்நாள் உழைப்பை அழித்துவிடவில்லை.

பஸ்ராவின் ஜரீர் இப்னு ஹாஸிம் (ரஹ்) (ஹிஜ்ரி 170) அவர்களைப் பற்றிய செய்தி நெஞ்சைத் தொடுவது. தந்தையிடம் குழப்பத்தைக் கண்டதும், ஹதீஸ் கற்றவர்களான அவருடைய மக்கள் அவரை மக்கள் கேட்கும் சபைகளிலிருந்து விலக்கி வைத்தனர். ஆகவே குழப்பநிலையில் அவரிடமிருந்து எவரும் எதையும் கேட்கவில்லை என்று அறிஞர் அப்துர் ரஹ்மான் இப்னு மஹ்தி (ரஹ்) பதிவு செய்கிறார். தந்தையின் கண்ணியம், மார்க்கத்தின் தூய்மை ஆகிய இரண்டையும் அம்மக்கள் ஒருசேரக் காத்தனர். இன்று முதியோரின் தடுமாற்றத்தைக் கைப்பேசியில் படமெடுத்து வேடிக்கைக்காகப் பரப்பும் இளைஞர்களுக்கு இதைவிடச் சிறந்த பாடம் இல்லை.

மருத்துவரின் சொற்கள்

மருத்துவமும் இதனை நோயாகவே அணுகியது. 10ஆம் நூற்றாண்டில் கைரவானில் வாழ்ந்த இப்னுல் ஜஸ்ஸார், மறதியும் அதன் சிகிச்சையும் பற்றித் தனி நூல் எழுதினார். இப்னு ஸீனா நினைவாற்றலின் இடத்தை மூளையின் பின்னறையில் வைத்தார். குளிர்ச்சியும் ஈரமும் மிக்க சளியே மறதிக்குக் காரணம் என்ற அக்கால விளக்கம் இன்று நிலைக்கவில்லை. ஆயினும் குறை மூளையில்தான் உள்ளது, ஒழுக்கத்தில் இல்லை என்ற அணுகுமுறை நிலைத்தது. 1906இல் அலோயிஸ் அல்சைமர் ஒரு பெண்மணியின் மூளையை ஆராய்ந்து அறிவித்த நோய்க்கு, 1910இல் கிரெப்பெலின் அவர் பெயரையே சூட்டினார்.

பெயரால் வரும் இழிவை உணர்ந்து பெயரையே மாற்றிய நாடுகளும் உண்டு. மடமை என்ற பொருள்படும் பழைய சொல்லை 2004இல் ஜப்பான் அரசு கைவிட்டு, அறிதல் குறைபாடு என்ற பொருளுடைய சொல்லை ஏற்றது. தமிழில் இன்று 'மறதி நோய்' என்ற பெயர் பரவியுள்ளது. இழிவற்ற நல்ல சொல் அது. எனினும், அந்நோய் மறதியோடு நிற்பதில்லை. பழகிய தெருவில் வழி தவறுதல், பொருள்களைத் திரிபாகக் காணுதல், சொற்கள் நழுவுதல் ஆகியவையும் அதில் அடங்கும்.

இன்னொரு வேறுபாடும் உயிர் காக்கவல்லது. மாதக்கணக்கில் மெல்ல வளரும் தளர்ச்சி வேறு. இரண்டொரு நாளில் திடீரெனத் தோன்றும் குழப்பம் வேறு. பின்னது சிறுநீர்த் தொற்று, உப்புக் குறைவு, சர்க்கரைத் தாழ்வு, மருந்தின் விளைவு போன்றவற்றால் வரலாம். உடனே மருத்துவமனை சேர்த்தால் பெரும்பாலும் மீளலாம். தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு ஆகியவற்றால் வரும் மறதிக்கும் சிகிச்சை உண்டு. 'வயதாகிவிட்டது' என்றோ 'ஏதோ பிடித்துவிட்டது' என்றோ ஒரு சொல்லால் முடித்துவிட்டால் அந்த வாய்ப்பு கைநழுவும்.

நமது கடமை

பிள்ளைகள் வளைகுடாவிலும் சென்னையிலும் இருக்க, முதியோர் ஊரில் தங்கியிருக்கும் குடும்பங்கள் நம் மஹல்லாக்களில் பல. தொலைபேசியில் ஒரே கேள்வியை ஐந்துமுறை கேட்கும் தந்தை பிடிவாதக்காரர் அல்லர். ரக்அத்துகளின் எண்ணிக்கை தவறும் பெரியவர் காஃபில் அல்லர். அவரருகே நின்று தொழுது, மென்மையாகக் கைப்பிடித்து நடத்துவது ஜமாஅத்தின் பொறுப்பு. தெளிவு முற்றிலும் நீங்கியவரிடமிருந்து ஷரீஅத் தன் எழுதுகோலை உயர்த்திவிட்டது. அவரைக் கடிந்துகொள்ளும் உரிமையை அது எவருக்கும் அளிக்கவில்லை.

நிஸ்யான், ஸஹ்வு, அதஹ், ஜுனூன், கஃப்லத் என்ற சொற்களை வகுப்பறையில் தேர்வுக்காக மட்டும் நாம் கற்பிப்பது போதாது. ஜும்ஆ மேடைகளில் அவற்றின் வேறுபாட்டை எளிய தமிழில் விளக்க வேண்டும். குத்பா கேட்டு வீடு திரும்பும் ஒருவர், தம் தந்தையைப் 'பைத்தியம்' என்று சொல்லவந்த நாவை அடக்கி, 'அத்தாவுக்கு உடல்நலமில்லை' என்று சொல்வாராயின், அந்தக் கல்வி பயன் தந்ததாகக் கொள்ளலாம்.