பத்து அரசரும் ஓர் உழவரும்

இலண்டன் மாநகரிலுள்ள வெஸ்ற்மின்ஸ்ரர் தேவாலயம் ஆங்கில அரசர் முடிசூடும் இடமாகவும், அவருட் பலர் அடங்கிய இடமாகவும் பல நூற்றாண்டுகளாக விளங்கி வருவது. அதன் தென்பகுதியிலே, சோசர், ஸ்பென்சர் முதலாய கவிஞர் துயிலும் இடத்திலே, சிறு கல்லொன்று தரையிற் பதிக்கப்பட்டிருக்கிறது. அதன்கீழ்க் கிடப்பவர் அரசருமல்லர், கவிஞருமல்லர். ஷ்ரொப்ஷயர்ப் பகுதியைச் சேர்ந்த தொமஸ் பார் என்னும் உழவர். அவர் 1483இல் பிறந்தாரென்றும், 152 ஆண்டு வாழ்ந்தாரென்றும், 1635ஆம் ஆண்டு நவம்பர் 15ஆந் திகதி அங்கே அடக்கஞ் செய்யப்பட்டாரென்றும் அக்கல் கூறுகிறது.

வியப்புக்குரியது வயது மட்டுமன்று. அந்நீண்ட வாழ்க்கையைக் கல் எதனால் அளக்கிறது என்பதே நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டியது. நான்காம் எட்வேட் முதல் முதலாம் சாள்ஸ் வரை பத்து முடிமன்னரின் பெயர்கள் அதில் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. அவ்வுழவர் எதை விதைத்தார், யாருடைய நிலத்தை உழுதார், என்ன குத்தகை கொடுத்தார் என்பன பற்றி ஒரு சொல்லேனும் இல்லை.

அப்பட்டியலையே சற்று ஆராய்வோம். 1483 ஏப்பிரில் 9ஆந் திகதி நான்காம் எட்வேட் இறந்தார். அவருக்குப்பின் வந்த ஐந்தாம் எட்வேட் பன்னிரண்டு வயதுச் சிறுவன். யூன் மாதம் முடிவதற்குள் அவனை நீக்கிவிட்டு மூன்றாம் றிச்சேட் அரசரானார். பார் அவ்வாண்டு யூலை மாதத்திற் பிறந்திருந்தால் அவர் கண்ட அரசர் எண்மராகக் குறைந்துவிடுவர்! குடியானவர் வீட்டுக் குழந்தை ஏப்பிரில் 9க்கு முன்னரே பிறந்ததென்பதற்குச் சான்று யாது? எதுவுமில்லை. ஊர்த் தேவாலயங்கள் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதவேண்டுமென்று தொமஸ் குரொம்வெல் கட்டளையிட்டதே 1538இல்தான். 1873இல் வில்லியம் தொம்ஸ் என்னும் அறிஞர் நீண்ட ஆயுள் பற்றிய கதைகளையெல்லாம் ஆராய்ந்தபோது, பாரின் வயதுக்குத் தக்க சான்றில்லை என்றே முடிவுசெய்தார். ஐயமற ஏற்கப்பட்டதாக இன்று கருதப்படும் மிக நீண்ட ஆயுள், 1997இல் மறைந்த பிரெஞ்சு மாது ஜீன் கல்மனின் 122 ஆண்டுகளே.

ஆகவே 152 என்ற எண்ணை நாம் கைவிடுவோம். நூறு ஆண்டு வாழ்ந்தாரென்று மட்டும் கொள்வோம். அப்பொழுதும் அவர் 1535 அளவிற் பிறந்தவராவார். அந்த நூறு ஆண்டுகளில் ஆங்கில நாட்டுப்புறத்தில் நிகழ்ந்தவை எவை?

1536க்கும் 1540க்கும் இடையில் துறவிமடங்கள் கலைக்கப்பட்டன. அவற்றின் பரந்த நிலங்கள் முடிக்குரியனவாகிப் பின்னர் பெருமளவில் பிரபுக்களுக்கும் செல்வர்க்கும் கைமாறின. கம்பளி வாணிகம் இலாபந் தந்த இடங்களில் பொது மேய்ச்சல் நிலங்களும் உழவயல்களும் வேலியடைக்கப்பட்டு ஆட்டுப்பண்ணைகளாயின. நிலமிழந்தோர் வீதிக்கு வந்தனர். வேலை செய்ய மறுத்துத் திரிபவரைச் சூட்டுக்கோலாற் குறியிட்டு இரண்டாண்டு அடிமையாக்க 1547ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. 1549இல் நோர்ஃபொக் உழவர் றொபேட் கெற்றின் தலைமையிற் கிளர்ந்தெழுந்து வேலிகளைப் பிடுங்கினர், அரச படை அவர்களை நசுக்கிற்று, கெற் தூக்கிலிடப்பட்டார். விலைவாசி பலமடங்கு உயர்ந்தது. கூலியோ அதற்கீடாக உயரவில்லை. 1563ஆம் ஆண்டுச் சட்டம் கூலியின் உச்ச அளவை நிருணயிக்கும் அதிகாரத்தை உள்ளூர் நீதவான்களிடம் அளித்தது. அந்நீதவான்களுட் பெரும்பாலார் நிலக்கிழார்களே. வறியவர் தொகை பெருகவே 1601இல் வறியோர் சட்டம் வந்தது. 1607இல் மத்திய இங்கிலாந்தில் மீண்டும் உழவர் வேலிகளைத் தகர்த்தனர். மீண்டும் இரத்தம் சிந்திற்று.

பார் இவற்றில் எதிற் பங்குகொண்டார் என்று கூற ஆதாரமில்லை. ஆயினும் அவர் வாழ்க்கை பற்றி எஞ்சியுள்ள கதைகள் நிலத்தையே சுற்றிச் சுழல்கின்றன. தேம்ஸ் நதியில் ஓடம் செலுத்திய கவிஞரான ஜோன் ரெயிலர் 1635இல் வெளியிட்ட சிறு நூலே அவற்றின் முதன்மையான ஊற்று. தந்தையின் குத்தகை நிலத்தைப் பெற்ற பார், 21 ஆண்டுக்கொருமுறை அதனைப் புதுப்பித்தாராம்; பின்பு ஆயுட்குத்தகை எடுத்தாராம். தாம் இறந்தால் நிலமும் போய்விடும், மனைவி என்செய்வாள் என்று எண்ணி, அதனை ஆண்டுக் கணக்கிலான குத்தகையாக மாற்றித்தரக் கேட்டார். நிலக்கிழார் இணங்கவில்லை. பாருக்கோ கண்பார்வை போய் நெடுங்காலம். ஒருநாள் நிலக்கிழாரின் மகன் வருவதறிந்து, தம் காலடியில் ஒரு குண்டூசியைப் போடுமாறு மனைவியிடம் சொல்லி, அவன் முன்னிலையில் அதனைத் தாமே கண்டெடுப்பவர்போல நடித்தாராம்.

இதனை வேடிக்கைக் கதையாக வழங்கிவந்தனர். ஆனால் பார்வையிழந்த கிழவர் ஒருவர் குண்டூசியைக் கண்டதாக நடிக்கவேண்டிய அவலம் எதனால் வந்தது? உழுதவருக்கு நிலத்தில் உரிமையில்லாமையால் வந்தது. கல் கூறும் பத்து அரசர் பெயரைவிட இந்த ஒரு குண்டூசி அக்காலத்தைத் தெளிவாக விளக்குகின்றது.

1635இல் அருண்டெல் பிரபு இக்கிழவரைப் பல்லக்குப் போன்ற ஊர்தியில் ஏற்றி இலண்டனுக்குக் கொணர்ந்தார். அரசருக்கும் ஊராருக்கும் அவர் காட்சிப்பொருளானார். அவ்வாண்டு முடியுமுன்னரே இறந்தார். குருதிச் சுற்றோட்டத்தை 1628இல் உலகுக்கு விளக்கிய வில்லியம் ஹார்வியே அரசகட்டளைப்படி உடலை அறுத்து ஆராய்ந்தார். உறுப்புகள் நன்னிலையில் இருந்தனவென்றும், நாட்டுப்புறத் தூய காற்றைவிட்டு இலண்டனின் புகைக்கு வந்தமையும், பாற்கட்டியும் முரட்டு உரொட்டியும் மோரும் உண்டு பழகிய வயிறு திடீரெனச் செல்வர் உணவை ஏற்றமையுமே சாவுக்குக் காரணமென்றும் அவர் கருதினார். வறியவர் உணவு ஆயுளை வளர்க்கும் என்று இதிலிருந்து பாடம் புகட்ட முற்படுவோர் உண்டு. அது தவறு. அதே உணவை உண்டு இளமையிலேயே மடிந்த எண்ணற்றோருக்குக் கல்லில்லை. ஹார்வியின் கருத்துச் சரியாயின், நாம் காண்பது இதுவே: பிரபு ஒருவரின் விநோத ஆசைக்கு முதிய உழவரொருவர் இரையானார்.

பட்டியலின் இறுதிப் பெயர் முதலாம் சாள்ஸ். பார் மறைந்த அதே 1635இல் அவர் கப்பல் வரியைக் கடலோரமல்லாத உள்நாட்டுப் பகுதிகளுக்கும் விரித்தார். மக்களின் வெறுப்பு முற்றிற்று. 1642இல் உள்நாட்டுப் போர் மூண்டது. 1649இல் அவர் சிரச்சேதஞ் செய்யப்பட்டார். முடியாட்சியும் சிலகாலம் ஒழிக்கப்பட்டது. உழவர் வாழ்வை அளக்கும் முழக்கோலாகக் கல்லிற் பொறிக்கப்பட்ட முடி, பதினான்கே ஆண்டுகளில் உருண்டது.

வரலாறு கற்பிக்கும் நம்மவர் இக்கல்லை மாணவர்க்குக் காட்டலாம். அரசர் பட்டியலை ஒதுக்கவேண்டுமென்பதில்லை. கால அளவுக்கு அது பயன்படும். ஆனால் அதன் ஒவ்வொரு பெயருக்கெதிரேயும் மூன்று வினாக்களை மாணவர் எழுதட்டும்: அப்போது நிலம் யார் கையில் இருந்தது? கூலியை யார் நிருணயித்தனர்? நிலமிழந்தவர் எங்கே போயினர்? விடைதேடத் தொடங்கும்போதுதான் தொமஸ் பாரின் கல் எழுதாது விட்டதை அவர்கள் எழுதத் தொடங்குவர்.