தூத்துக்குடிக் கப்பலும் கல்கத்தாக் கம்பெனியும்

டாலிகஞ்ச் என்னும் பெயரை நாம் நாள்தோறும் சொல்கின்றோம்; கடித முகவரியில் எழுதுகின்றோம். அப்பெயர் நீர்வழி வாணிபத்தோடு பிறந்தது என்பதை நம்முள் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேஜர் வில்லியம் டாலி என்பவர், ஆதிகங்கையின் தூர்ந்துபோன வழியை வெட்டிச் சீர்ப்படுத்தி, அதிற் சென்ற படகுகளிடம் சுங்கம் பெறும் உரிமையையும் அடைந்தார். டாலி நாலா அவர் பெயரைத் தாங்கிற்று, ஊரும் தாங்கிற்று. நீர்வழி எவன் கையிலோ, வாணிபமும் அவன் கையிலே என்பது கல்கத்தா தொடக்கத்திலேயே கற்ற பாடமாகும்.

அப்பாடத்தைப் பேரளவில் நடத்திக் காட்டிய கம்பெனியும் இந்நகரத்தோடு பிறந்ததே. 1856-ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்கும் பர்மாவுக்கும் இடையே கப்பல் விடத் தோன்றிய கம்பெனி, 1862-இல் 'பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி' எனப் பெயர் மாறியது. அதன் ஏஜெண்டுகளான மக்கின்னன் மக்கென்சி கம்பெனியின் அலுவலகம் ஸ்ட்ராண்டு சாலையில் இருந்தது. பர்மா முதல் பாரசீக வளைகுடா வரை அதன் கப்பல்கள் ஓடின. அரசாங்கத்தின் தபால் ஒப்பந்தங்களும் அதற்கே வாய்த்தன. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான போக்குவரத்து அப்பெரு வலையின் ஒரு கண்ணி மாத்திரமே.

அந்த ஒரு கண்ணியை அறுக்கத் துணிந்தவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை. சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி 1906 அக்டோபர் 16-ஆம் நாள் பதிவு பெற்றது. முந்திய ஆண்டு அதே நாளில்தான் வங்கப் பிரிவினை நடைமுறைக்கு வந்தது. வங்கத்தின் துயர நாள் தமிழகத்தின் முயற்சி நாளாயிற்று என்று நாம் பெருமையுடன் சொல்லலாம். மூலதனம் பத்து லட்சம் ரூபாய், பங்குகள் 40,000, ஒரு பங்கு 25 ரூபாய். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் இரண்டு லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகள் வாங்கினார்.

முதலில் கம்பெனி பம்பாயிலிருந்து வாடகைக்குக் கப்பல் எடுத்தது. எதிர்க் கம்பெனியின் நெருக்குதலால் அவ்வாடகை ஒப்பந்தம் முறிந்தது. பின்னர், 1907-இல், காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் சொந்தமாக வந்து சேர்ந்தன. அதன் பின் மூண்டது கட்டணப் போர். பிரிட்டிஷ் இந்தியாக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாக்கியது. எதிரியோ கட்டணமே வேண்டாம், குடையும் இனாமாகத் தருகின்றோம் என்றது. இவ்வாறு வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

1908 மார்ச் 12-இல் சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கைது செய்யப்பட்டனர். ஜூலையில் நீதிபதி பின்ஹே விதித்த ஆயுள் தண்டனையை உயர் நீதிமன்றம் குறைத்தபோதிலும், 1912 இறுதியில்தான் அவர் விடுதலை பெற்றார். அதற்குள், 1911-இல், கம்பெனி கலைக்கப்பட்டுவிட்டது. கப்பலையும் எதிரியே வாங்கினான்.

வீழ்ச்சிக்குக் காரணம் எதிரியின் சூழ்ச்சியா, நிருவாகத்தின் பிழையா? பங்குப் பணம் போட்டவர் எவரும் கேட்கக்கூடிய கேள்வி இது. வீர வணக்கத்தோடு நின்றுவிடாது இதனை ஆராய்தல் நம் கடமை.

சொந்தக் கப்பல் வாங்கியது மிகையான துணிவு, கைமுதல் முழுவதும் இரும்பில் முடங்கிற்று என்பார் உளர். ஆயின், வாடகைக் கப்பலை எதிரி ஒரு சொல்லால் நிறுத்தக்கூடும் என்பதைக் கண்ட பின் வேறு வழி ஏது? அடுத்தது கட்டணக் குறைப்பு. பல வழிகளில் இலாபம் பெறுபவன் ஒரு வழியில் நட்டத்தைத் தாங்குவான். ஒரே வழியை நம்பியவன் தாங்கான். குறைக்காவிடில் பயணிகள் போவர். குறைத்தால் பணம் போகும். இவ்விடத்தில் நிருவாகத்தைக் குறை கூறுதல் நியாயமன்று.

மூன்றாவது, அரசியல். சிதம்பரம் பிள்ளையின் தீவிர அரசியல் கம்பெனிக்குத் தீங்கு என்று கருதிய இயக்குநர்களும் இருந்தனர். அவர்கள் அச்சம் பொய்யாகவில்லை. எனினும், அப்பங்குகளை மக்கள் வாங்கியது வட்டிக் கணக்குப் பார்த்தன்று; சுதேசியம் என்னும் சொல்லுக்காகவே. அச்சொல்லை நீக்கியிருந்தால் கம்பெனியே தோன்றியிராது.

நம் கருத்தில் உண்மையான குறை வேறு. முயற்சி முழுவதும் ஒருவர் தோளிலே நின்றது. அவர் சிறை சென்றதும், அச்சுமையை அதே உறுதியுடன் ஏற்க இரண்டாமவர் இல்லை.

வங்கத்திலும் இதற்கு முன்னோடி உண்டு. மகாகவி இரவீந்திரநாத் தாகூரின் தமையனார் ஜோதிரிந்திரநாத், 1884-இல் 'சரோஜினி' முதலிய நீராவிக் கப்பல்களைக் குல்னாவுக்கும் பரிசாலுக்கும் இடையே விட்டார். ஆங்கிலேயக் கம்பெனியோடு போட்டி முற்றவே, பயணிகளுக்குக் கட்டணமில்லாப் பயணத்தோடு சிற்றுண்டியும் கிடைத்தது. தமையனாருக்கோ பெருநட்டமே எஞ்சியது.

1919-இல் 'லாயல்டி' கப்பலை லண்டனுக்கு அனுப்பிய சிந்தியாக் கம்பெனி மட்டும் எவ்வாறு தப்பியது? அதன் மூலதனம் நாலரைக் கோடி. நரோத்தம் மொரார்ஜி, வால்சந்த் ஹீராசந்த் முதலிய பலர் அதனைத் தாங்கினர். அதுவும் வெல்லவில்லை, கட்டணப் போரில் நலிந்து, 1923-இல் கட்டுப்பாடுகள் நிறைந்த உடன்பாட்டுக்கு இசைந்தே உயிர் பிழைத்தது.

கட்டணக் குறைப்பினும் நுட்பமான ஆயுதம் ஒன்றுண்டு. அதுவும் கல்கத்தா வாணிபத்தில் உருவானதே. 1875-இல் இங்கிலாந்து - கல்கத்தா வழிக் கப்பல் கம்பெனிகள் ஒரு கூட்டணி அமைத்தன. சிறிது காலத்தில் 'பின்தரு கழிவு' முறையைப் புகுத்தின. தம் கப்பல்களிலேயே சரக்கு அனுப்பும் வணிகருக்குக் கட்டணத்தில் ஒரு பகுதியைச் சில மாதங்கள் கழித்துத் திருப்பித் தருவர். இடையில் ஒருமுறை அயற்கப்பலில் அனுப்பினாலும் அக்கழிவு பறிபோகும். வணிகன் கையைக் கட்டக் கயிறு வேண்டியதில்லை. அவனுக்கு வரவேண்டிய பணமே போதும்.

இம்முறை கணினிச் சில்லுகளின் காலத்திலும் பேசப்பட்டது. பெரும் பகுதிச் சில்லுகளைத் தன்னிடமே வாங்குமாறு கழிவுகளால் கட்டுப்படுத்தியதென்று, இண்டெல் கம்பெனிக்கு ஐரோப்பிய ஆணையம் 2009-இல் 106 கோடி யூரோ தண்டம் விதித்தது. அதே ஆண்டில் இண்டெல் தன் போட்டியாளரான ஏ.எம்.டி. கம்பெனிக்கு 125 கோடி டாலர் தர இசைந்து வழக்குகளைத் தீர்த்துக்கொண்டது. ஐரோப்பியத் தண்டத்தையோ 2022-இல் நீதிமன்றம் நீக்கியது. 2024-இல் மேல் நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. மறுபுறம், ஏ.எம்.டி. 2006-இல் ஏ.டி.ஐ. கம்பெனியை ஏறத்தாழ 540 கோடி டாலருக்கு வாங்கிக் கடன் சுமந்தது சரியா என்ற விவாதமும் எழுந்தது. தூத்துக்குடிக் கேள்வியே கடல் கடந்து மீண்டும் ஒலித்தது எனலாம்.

சுதேசிக் கப்பலை வீழ்த்திய கம்பெனியின் கொடியும் இன்று கடலில் இல்லை. தூத்துக்குடித் துறைமுகமோ 2011 முதல் வ. உ. சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கின்றது. பெயர் நிலைத்தது நமக்கு ஆறுதல். முயற்சி நிலையாமற் போனது நமக்குப் பாடம். பிறமொழி மண்ணில் சங்கம் வளர்க்கும் நாம், ஒருவர் உழைக்கப் பலர் பாராட்டும் வழக்கத்தை விட்டு, பலர் சேர்ந்து சுமக்கும் வழக்கத்தை மேற்கொள்வோமாக. இளைஞர்களை இன்றே நிருவாகத்தில் அமர்த்துவோமாக. கப்பலோட்டிய தமிழருக்கு இந்த ஆண்டு விழாவில் நாம் செய்யத்தக்க சிறந்த வணக்கம் அதுவேயாகும்.