செபமாலை ஏந்திய ஓநாய்

நீதியை வரைவது எளிது. ஒரு பெண்ணை வரைந்து அவள் கையில் தராசைக் கொடுத்துவிட்டால் போதும். எதிர்நோக்குக்கு நங்கூரம் உண்டு. மரணத்துக்கு அரிவாள் உண்டு. ஆனால் வஞ்சனையை வரைவது எப்படி? வஞ்சனை வஞ்சனையாகவே தோன்றினால் எவரும் ஏமாறமாட்டார். நன்மையின் தோற்றத்திலேயே அதை வரைந்தாலோ, படத்தைப் பார்ப்பவரும் ஏமாந்துபோவார். மரத்திலும் செப்புத் தகட்டிலும் உருவங்களைச் செதுக்கி அச்சிட்ட பழைய ஐரோப்பியக் கலைஞர்கள் இந்தச் சிக்கலை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பது கத்தோலிக்கராகிய நாம் சற்று நின்று பார்க்கத்தக்க வரலாறு. ஏனெனில் அதன் முக்கியமான ஓர் அதிகாரம் எழுதப்பட்டது உரோமையில், ஒரு கர்தினாலின் பணியாளரால்.

பெருஜியாவைச் சேர்ந்த சேசரே ரீப்பா, கர்தினால் அந்தோனியோ மரியா சால்வியாத்தியின் பந்தியில் இறைச்சி அரிந்து பரிமாறும் பணியில் இருந்தவர். அவர் 1593-ஆம் ஆண்டு 'இக்கொனொலொஜியா' என்னும் நூலை வெளியிட்டுத் தம் தலைவருக்கே காணிக்கையாக்கினார். புண்ணியங்கள், பாவங்கள், உணர்ச்சிகள், கலைகள் ஆகியவற்றை மனித உருவில் எப்படித் தீட்டவேண்டும் என்று அகர வரிசையில் விளக்கும் நூல் அது. ஓவியர்க்கு வழிகாட்டும் அந்நூலின் முதற்பதிப்பில் ஒரு படம்கூட இல்லை என்பது வேடிக்கைதான். 1603-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் மரச்செதுக்குப் படங்கள் சேர்ந்தன. பின்னர் பிரெஞ்சு, டச்சு, ஆங்கிலம் முதலிய மொழிகளுக்கும் அது சென்றது. 1636-இல் வெளிவரத் தொடங்கிய பிரெஞ்சுப் பதிப்புக்கு ஜாக் தெ பீ என்பவர் செப்புத்தகட்டுப் படங்களைச் செதுக்கினார்.

ரீப்பா வகுத்த வஞ்சனைக்கு இரண்டு முகங்கள். ஒன்று இளமையும் எழிலும் உடையது; மற்றது முதுமையும் அருவருப்பும் உடையது. மஞ்சள் ஆடை பாதிக் கால் வரையில்தான் மறைக்கிறது. அதன் கீழே கழுகின் கால்கள். பின்னே தேளின் வால். வலக்கையில் இரண்டு இதயங்கள், இடக்கையில் ஒரு முகமூடி. ஒன்றையே விரும்புவதாகவும் விரும்பாததாகவும் காட்டும் மனத்துக்கு அந்த இரண்டு இதயங்கள் அடையாளம் என்கிறார் அவர்.

இந்த வாலுக்கு ஒரு மூதாதை உண்டு. இத்தாலியக் கவிஞர் தாந்தே, நரகத்தைப் பாடும் பகுதியின் பதினேழாம் காண்டத்தில் கெரியோன் என்னும் விலங்கைக் காட்டுகிறார். முகம் நேர்மையான மனிதனுடையது, உடல் பாம்பினுடையது, வால் நுனியில் தேளின் கொடுக்கு. அது தலையையும் மார்பையும் கரையில் ஏற்றி வைக்கிறது. வாலை மட்டும் கரைக்குக் கொண்டுவரவில்லை. வஞ்சனையை இதைவிட நுட்பமாகச் சொல்லிவிட முடியும் என்று நமக்குத் தோன்றவில்லை.

ஆயினும் நம்மைப் பெரிதும் உலுக்குவது கெரியோன் அன்று. ரீப்பாவின் நூலில் வஞ்சனைக்கு உடன்பிறந்தவளைப் போல வரும் வெளிவேடம்தான். மெலிந்து வெளுத்த ஒரு பெண். ஆட்டு உரோமமும் சணல் நூலும் கலந்து நெய்த கந்தல் உடை. இடத்தோளை நோக்கிச் சாய்ந்த தலை. நெற்றியை மறைக்கும் முக்காடு. இடக்கையில் நீண்ட, பெரிய செபமாலையும் ஒரு செபநூலும். வலக்கையை வெளித்தெரிய நீட்டி, ஊரார் காண ஓர் ஏழைக்குக் காசு கொடுக்கிறாள். கால்களும் பாதங்களும் ஓநாய்க்கு உரியவை.

ஒவ்வோர் அடையாளத்துக்கும் ஒரு காரணம் உண்டு. உரோமம் வெளியே காட்டும் கள்ளமின்மை. அதனோடு ஊடும் சணல் நூல் உள்ளே ஒளிந்த தீய சூழ்ச்சி. நோன்பு இருப்பதைப் பிறர் அறிய முகத்தை வாட்டிக்கொள்வோரையும், தம்பட்டம் அடித்துத் தர்மம் செய்வோரையும் பற்றி ஆண்டவர் எச்சரித்தது மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில். ஆட்டுத்தோலுக்குள் மறைந்த ஓநாயைப் பற்றி எச்சரித்தது ஏழாம் அதிகாரத்தில். இரண்டையும் ஓர் உடலில் பொருத்தினார் ரீப்பா.

இது திருஅவையின் எதிரிகள் தீட்டிய கேலிச் சித்திரம் என்று நினைக்கத் தோன்றும். அத்தகைய படங்களும் அக்காலத்தில் ஏராளம். 1521-இலேயே லூக்காஸ் கிரானாக், கிறிஸ்துவையும் திருத்தந்தையையும் எதிரெதிரே நிறுத்தி மரச்செதுக்குப் படங்களை வெளியிட்டு உரோமையைத் தாக்கினார். ரீப்பாவின் பெண் அந்த வழியில் வந்தவள் அல்லள். செபமாலையை நேசித்த ஒரு நகரத்தில், திருஅவையின் இல்லம் ஒன்றில் உணவு பரிமாறியவர் அவளை உருவாக்கினார். அவள் கையில் எதிராளியின் பொருளை வைக்காமல் தம் சொந்த வீட்டின் பொருளையே வைத்தார். அந்தத் துணிவை நாம் எளிதாகக் கடந்துவிடக் கூடாது.

இன்னும் ஒன்று. அவள் கொடுக்கும் காசு போலிக் காசு என்று ரீப்பா சொல்லவில்லை. ஏழையின் கைக்கு அது வந்து சேருகிறது. அன்றைய உணவும் அதனால் கிடைக்கலாம். செபமாலையும் உண்மையானதே. அப்படியானால் பொய் எங்கே இருக்கிறது? செயலில் இல்லை, பொருளில் இல்லை. அதனால்தான் ஓநாயின் பாதங்கள் தேவைப்பட்டன. படத்துக்கு வெளியே நிற்கும் நமக்குப் பாதங்கள் தெரிகின்றன. காசு வாங்கும் அந்த ஏழை அவற்றைப் பார்த்தானா? அவளேனும் குனிந்து பார்த்ததுண்டா?

வஞ்சனையைப் பணிப்பெண்ணாகக் காட்டிய மரபும் உண்டு. மாந்துவா நகரத்தவரான ஜோர்ஜியோ கீசி, லூக்கா பென்னியின் ஓவியத்தை ஒட்டி 1560-இல் செதுக்கிய 'அப்பெல்லெசின் அவதூறு' அத்தகையது. அழிந்துபோன ஒரு கிரேக்க ஓவியத்தைப் பற்றி லூசியன் எழுதி வைத்த வர்ணனையே இதற்கு மூலம். நீண்ட காதுகளுடன் அரியணையில் இருப்பவனிடம், குற்றமற்ற இளைஞனை முடியைப் பற்றி இழுத்து வருகிறாள் அவதூறு. அவளுக்கு ஒப்பனை செய்பவர்களுள் ஒருத்தி வஞ்சனை. உண்மை கடைசியில்தான் வருகிறாள்.

1799-ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டில் பிரான்சிஸ்கோ கோயா 80 செப்புத்தகட்டுப் படங்களை 'காப்ரிச்சோஸ்' என்னும் பெயரில் விற்பனைக்குக் கொணர்ந்தார். மத்ரித் நகரில் அவை கிடைத்தது ஒரு வாசனைப் பொருள் கடையில். அந்தத் தெருவின் பெயர் 'தெசெங்கான்யோ'. ஏமாற்றத்திலிருந்து கண் திறத்தல் என்று அதற்குப் பொருள். நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1803-இல், கோயா அந்தத் தகடுகளை அரசரிடம் ஒப்படைத்துவிட்டார். தம்மைப் பற்றி இன்குவிசிசியோனிடம் குற்றம் சாட்டினர் என்று பின்னாளில் எழுதினார்.

அவற்றுள் 52-ஆம் படத்தில் கழுகுக் காலும் இல்லை, தேள் வாலும் இல்லை. ஒரு பட்டமரத்துக்குத் துறவியின் அங்கி போர்த்தப்பட்டிருக்கிறது. கிளைகள் கைகளைப் போல விரிந்துள்ளன. அதன் முன் ஓர் இளம்பெண் கைகுவித்து முழந்தாளிட்டிருக்கிறாள். பின்னால் வேறு சிலரும் இருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் செபத்தில் பொய் இருப்பதாகத் தெரியவில்லை. மரத்தின் மீதும் குற்றம் இல்லை. ஒரு தையற்காரரால் என்னதான் முடியாது என்னும் பொருளில் கோயா அப்படத்துக்குத் தலைப்பிட்டார். தையற்காரர் மட்டும் படத்தில் இல்லை.